தலை தெரியும்வரை

போன் அடித்தபோது ஞானசெல்வியின் இரண்டு கைகளும் சிப்பிக் குவியலுக்குள் இருந்தன. பாறையிலிருந்து பெயர்த்து வரும் சிப்பி கொத்தாக இருக்கும். நாரும் பாசியும் பின்னிக்கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிய்த்து, கத்தியின் முதுகால் சுரண்டி, பெரியது ஒரு பக்கம் சின்னது ஒரு பக்கம் போடவேண்டும். காலையில் உட்கார்ந்தால் முதுகு நிமிர மதியமாகும். மாசி வெயில் பத்து மணிக்கே மணலைச் சுட வைத்திருந்தது. கடல் தெளிந்து கிடந்தது. வருடத்தில் சில மாதங்கள்தான் தண்ணீருக்கு அடியில் கண் தெரியும். அந்த மாதங்களில் கரையில் யாருக்கும் முதுகு நிமிராது.

பக்கத்தில் இருந்த மதலேன் போனை எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"பிரிஜாக்க அம்மாதானே? ஸ்கூல்லயிருந்து ஆயா பூங்கனி பேசுதேன். பிள்ள விழுந்துட்டு. பேடிக்காண்டாம், இப்ப எழும்பி இருக்கு. நீங்க ஒண்ணு வந்துட்டு போணும்னு சிஸ்டர் சொல்லுதாவ."

ஞானசெல்வி கடலைப் பார்த்தாள். பாறைக்குப் பக்கத்தில் இரண்டு லாரி டியூபுகள் மிதந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு இஞ்ஞாசி கிடந்தான். மற்றதில் ஆள் இல்லை. அவள் உட்கார்ந்தே இருந்தாள். அவள் கணவன் மரியஜானின் தலை தண்ணீருக்கு மேல் வந்தது. வலைப்பையை டியூபுக்குள் தூக்கிப் போட்டான். பிறகுதான் அவள் எழுந்தாள்.

"விழுகது இது மூணாவதா?" என்றாள் மதலேன்.

"மூணாவது."

"புதன்கிழமலா. அந்த மூச்சு கிளாசாட்டுதான் இருக்கும்."

"ஆமா."

"மூச்சு விடுகதுக்கு ஒரு டீச்சரு. பொறந்த அண்ணைக்கு நர்சு குண்டியில அடிச்சு படிப்பிச்சது பத்தாதா?"

"மனசு அடங்கும்னு சொல்லித்தான் நடத்துகாவ."

"எனக்கு என்னவோ பிடிக்கல்ல. அது நம்ம வேதத்தில உள்ளதா? கண்ண மூடி இருக்கது. திறந்து கெடக்க வீட்டில எது வேணும்னாலும் கேறும்."

"நீ செபமாலைக்கு கண்ண மூடத்தானே செய்ய."

"நான் ஒறங்குவேன். அது வேற."

ஞானசெல்வி கையைக் கடலில் கழுவினாள். வாடை போகவில்லை. போகாது என்று தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு நிறுத்தம் தாண்டியதும் இடம் மாறி உட்கார்ந்தாள்.

*

தலைமையாசிரியை சிஸ்டர் கோபப்படவில்லை. அதற்கு அவருக்கு நேரம் இல்லை. மேசையில் ஹால் டிக்கெட் கட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் முத்திரை குத்திக்கொண்டே பேசினார்.

"பிரேயர்ல ரெண்டு தடவ. இண்ணைக்கு கிளாசில. டாக்டரிட்ட காட்டினியளா?"

"ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில காட்டினோம் சிஸ்டர். தலையும் நெஞ்சும் படம் எடுத்தாவ. ஒண்ணும் இல்ல. ரத்தம் கொறவுன்னு மாத்திர தந்திருக்கு."

"திங்கள்கிழம மாடல் எக்ஸாம். அடுத்த மாசம் பப்ளிக். மூணு மணிக்கூறு ஒரே இருப்பு. ஹாலில விழுந்தா இவளும் எழுதமாட்டா, சுத்தி இருக்க இருவது பேரும் எழுதமாட்டாவ."

"விழமாட்டா சிஸ்டர்."

"அத நீங்க சொல்ல முடியாது. மாடல்ல விழுந்தான்னா இந்த வருசம் நிக்கட்டு. உடம்ப தேத்திட்டு அடுத்த வருசம் எழுதட்டு. நான் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

ஞானசெல்வி தலையாட்டினாள். அடுத்த வருடம் என்று நின்ற பிள்ளை திரும்பப் போனதை அந்தக் கரையில் அவள் பார்த்ததில்லை. மதலேனின் மகள் ஒரே ஒரு வருடம் என்றுதான் நின்றாள். இப்போது கொச்சிப் பக்கம் இறால் உரிக்கிறாள். விரல் நகம் எல்லாம் கழன்று போய்விட்டது என்று போனில் சொல்வாள். பிரிஜா வகுப்பில் மூன்றாவதோ நான்காவதோ வருகிறவள்.

மூச்சு வகுப்பு தகரக் கொட்டகையில் நடந்திருந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். ஷைஜா டீச்சர் மட்டும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கருங்கல் என்ற ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். தற்காலிக வேலை. ஞானசெல்வியைப் பார்த்ததும் காலைக் கீழே போட்டாள்.

"இரிங்கம்மா. என்னைய ஏசத்தானே வந்திருக்கிய?"

"இல்ல டீச்சர்."

"ஏசினாலும் குற்றம் இல்ல. எனக்கு நாகர்கோவில்ல மூணு நாள் டிரெயினிங் தந்தினும். ஒரு பேப்பரும் தந்தினும். விழுகிற பிள்ளைய என்ன செய்யணும்னு அந்த பேப்பர்ல இல்ல."

"என்னதான் படிப்பிக்கிய?"

"ஒண்ணும் இல்ல. அதுதான் சங்கடம். சும்மா இருக்கணும். மூச்சு உள்ள வருது, வெளிய போவுது. அத பாத்துக்கிட்டு இருக்கணும். பிடிக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பத்து வரைக்கும் எண்ணணும், பொறவும் ஒண்ணுலயிருந்து. இவ்வளவுதான். பாதி பிள்ளைய ஒறங்கும். லிஜின்னு ஒருத்தன் உண்டு. டீச்சர் எனக்கு மூக்கடைப்பு, பாக்கதுக்கு ஒண்ணும் வரல்லம்பான்."

ஞானசெல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"ஒங்க பிள்ள உள்ள இழுப்பா. விடமாட்டா. நான் எண்ணிப் பாத்திருக்கேன். அறுவது, எழுவது. உதடு வெளுத்து வரும். நான் போயி முதுகில தட்டினா விடுவா. இண்ணைக்கு நான் அங்க எத்துகதுக்கு முன்ன சரிஞ்சிட்டா. எதுக்கு மக்கா பிடிக்கேன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டா. வீட்டில எதாவது சண்டையா?"

"இல்ல."

"அப்பா குடிப்பாரா?"

"ஞாயிறாச்ச மட்டும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல டீச்சர். அவரு சிப்பிக்கு முங்கப் போவாரு. நான் கரையில சுரண்டுவேன். இவ படிப்பா."

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்களும் ஒருக்க இருந்து பாருங்க. ஏற்கனவே நான் வேற சபைக்காரி. நாளைக்கு ஒங்க கோயில்ல கேட்டா, டீச்சர் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் சொல்லிக்குடுக்கல்லன்னு சொல்ல ஒரு ஆளாவது வேணும்."

ஞானசெல்வி சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடச் சொன்னாள் டீச்சர். மூடினாள். கொட்டகைத் தகரம் வெயிலில் டக் டக்கென்று விரிந்தது. தன் கையின் சிப்பி வாடை மூக்கில் ஏறியது. உட்கார்ந்து கண்ணை மூடுவது எவ்வளவு சுகம் என்று தோன்றியது. எத்தனை நாள் ஆயிற்று என்றும் தோன்றியது.

"இழுத்து ஒரு மூச்சு."

இழுத்தாள். பாறை தெரிந்தது. இரண்டு டியூப் தெரிந்தது.

"விடுங்க."

காத்திருந்தாள்.

"விடுங்கம்மா."

"இன்னும் வரல்லலா."

"ஆரு வரல்ல?"

ஞானசெல்வி கண்ணைத் திறந்தாள். மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. கொட்டகைத் தூணுக்குப் பக்கத்தில் பிரிஜா புத்தகப்பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பஸ்ஸை விட்டு இறங்கித் தென்னந்தோப்பு வழியாக நடந்தார்கள். பையை வாங்கிக்கொள்ள ஞானசெல்வி கை நீட்டினாள். பிரிஜா தரவில்லை.

"அப்பாக்காட்டா மூச்ச பிடிக்க?"

பிரிஜா பையை மறுதோளுக்கு மாற்றினாள்.

"ஏட்டி, ஒன்னதான் கேக்கேன்."

"நீயும்தானே பிடிக்க."

"நான் கரையில இருக்கேன். எனக்க கண்ணு முன்னால அவரு போறாரு. நீ ஸ்கூல்ல இருந்துக்கிட்டு எப்பிடி தெரியும் ஒனக்கு?"

"தெரியும். ஏழரைக்கு எறங்குவாரு. ஒரு முங்குக்கு ஒண்ணேகால் மினிட்டு. பொறவு டியூபில பிடிச்சுக்கிட்டு பத்து பன்னெண்டு மூச்சு. பொறவும் முங்குவாரு. பன்னெண்டு மணி வரைக்கும்."

"எல்லாத்துக்குமா பிடிக்க?"

"எல்லாத்துக்கும் பிடிக்க முடியாது. கணக்கு பீரியட்ல கேள்வி கேப்பாவ. தமிழ்ல வாசிக்க சொல்லுவாவ. பிரேயர்ல பிடிக்கலாம். மூச்சு கிளாசில ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ. அதில முழுசா பிடிக்கலாம்."

ஒரு ஓலை காற்றில் உரசிக்கொண்டே இருந்தது. ஞானசெல்வி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஆரு ஒனக்கு இத சொன்னா?"

"நீதான்."

நினைவு வந்தது. அப்போது பிரிஜாவுக்கு நான்கு வயது. அப்பா தண்ணீருக்குள் போனதைப் பார்த்துக் கூவி அழுதாள். குவியல் குவியலாகச் சிப்பி கிடந்தது. முதலாளி ஆள் கூடையோடு நின்றான். அப்பா தலை தெரியும்வரை மூச்சு விடாத, நீ விட்டா அப்பாக்கு மூச்சு பத்தாது என்று ஞானசெல்வி சொன்னாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அந்தக் கரையில் எல்லா அம்மாவும் சொல்வதுதான். இவளுக்கு இவள் அம்மா சொன்னாள். மதலேனும் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆறு ஏழு வயதில் மறந்துவிட்டு விளையாடப் போய்விடும்.

"அது கொச்சுபிள்ளைக்கு சொன்னதுட்டி. நீ கெடந்து கூவின. வாய மூடதுக்கு சொன்னேன்."

"எனக்கு தெரியும்."

"தெரிஞ்சா பொறவென்ன?"

"போன வருசம் வரைக்கும் நானும் சும்மாதான் இருந்தேன். அந்த சனிக்கிழம கரைக்கு வந்தேன். சும்மா பிடிச்சுப் பாப்போம்னு பிடிச்சேன். எனக்க கூட்டுக்காரி என்னவோ சொன்னா. சிரிச்சிட்டேன். விட்டுப்போச்சு. பொறவு பாத்தா அப்பாவ இஞ்ஞாசி மாமா இழுத்துக்கிட்டு வாறாரு. மூக்கில ரத்தம்."

"வலைப்பைக்க கயிறு பாறையில பிணஞ்சது. அது ஒனக்கும் தெரியும். தோளு இழுத்துப்போட்டு. இருவது நாள் கெடந்தாரு, எழும்பினாரு. நீ சிரிச்சதுக்கும் அதுக்கும் என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"ஒண்ணும் இல்லதான். ஆனா நான் சிரிச்சேன்லா."

ஞானசெல்வி நின்றாள். ஒரு தென்னையின் அடியில் உட்கார்ந்தாள். பிரிஜா எதிரே நின்றாள்.

"எழும்பும்மா. சிப்பி கெடக்குலா" என்றாள்.

*

மரியஜான் நான்கு மணிக்குத் தூங்கி எழுந்து சாப்பிட உட்கார்ந்தான். மரச்சீனிக்கிழங்கு மசித்ததும் சிப்பிக் கறியும். உப்புத் தண்ணீரில் கண் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். நாற்பத்தாறு வயது. ஒரு காலத்தில் ஒரே முங்கில் இரண்டு நிமிடம் கிடந்தவன். இப்போது மேலே வந்ததும் டியூபில் நெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொள்கிறான்.

ஞானசெல்வி எல்லாவற்றையும் சொன்னாள். பிரிஜா அடுக்களை வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் குடித்தான்.

"மக்கா, இங்க பாரு."

பிரிஜா பார்த்தாள்.

"கீழ கெடக்கும்போ நான் என்ன நெனப்பேன்னு கேளு."

"என்ன நெனப்பிய?"

"ஒண்ணும் நெனக்கமாட்டேன். உளி, சிப்பி. உளி, சிப்பி. அவ்வளவுதான். கல்யாணம் கழிஞ்ச புதுசில நெனச்சுப் பாத்தேன். வீடு நெனப்பு வந்தா நெஞ்சு கெடந்து அடிக்கும். நெஞ்சு அடிச்சா மூச்சு தீந்துபோவும். பாதி பை கூட நெறயாது, மேல பொங்கி வந்துடுவேன். பொறவு அத விட்டுட்டேன்."

"எத?"

"எல்லாத்தையும்தான்."

"அம்மாவையா?"

"ஆமா."

"என்னையுமா?"

அவன் கிழங்கை விரலால் வழித்தான்.

"நீ பொறந்த அண்ணைக்கு நல்ல தெளிவு. விடிஞ்சதுலயிருந்து முங்கிக்கிட்டுதான் கெடந்தேன். பொம்பளப்பிள்ளன்னு கரையிலயிருந்து கூவிச் சொன்னாவ. செரின்னுட்டு பொறவும் முங்கினேன். கீழ போன பொறவு பிள்ள பொறந்ததே எனக்கு நெனப்பில்ல."

"அப்போ நான் பிடிச்சது?"

"எனக்கு தெரியாதே மக்கா. தெரிஞ்சிருந்தா பேடிச்சுப் பேடிச்சே நான் செத்திருப்பேன்."

பிரிஜா எழுந்தாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கேட்டியளா, ஒரு வார்த்த மாத்திச் சொல்லப்பிடாதா?" என்றாள் ஞானசெல்வி.

"எப்பிடி?"

"கீழ கெடந்தாலும் ஒன்ன நெனப்பேன்னு."

"பொய்யி சொல்லணுமா?"

"பிள்ளைக்காட்டுதானே."

"ஏட்டி, நீ சொன்ன பொய்யிலதான் இப்ப வந்து நிக்கு."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வலைப்பையைத் தைக்கப் போனான். ஞானசெல்வி தட்டு இருந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். சுத்தமான பிறகும் துடைத்தாள். பத்தொன்பது வருடம். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது முங்கு. மூச்சை அவளாகப் பிடித்ததில்லை, அது தன்னால் நின்றுவிடும். இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் புதுசுக்குப் பிறகு அவன் ஒருமுறைகூட நினைத்ததில்லை என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு அழலாமா என்று யோசித்தாள். உலையில் அரிசி போடும் நேரமாகிவிட்டது.

*

வியாழனும் வெள்ளியும் பிரிஜா பள்ளிக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். அப்பாவோடு பேசவில்லை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஞானசெல்வி இரண்டு தடவை கதவில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. சில சமயம் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது கதவைத் தட்டி, கட்டஞ்சாயா வேணுமா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் ஆறு தடவை கேட்டாள்.

"நீ எதுக்கு வந்து தட்டுகன்னு எனக்கு வெளங்கும். போ" என்றாள் பிரிஜா கடைசியில்.

சனிக்கிழமை காலையில் அவளாகவே கரைக்கு வந்தாள். சமூக அறிவியல் புத்தகத்தை மணலில் வைத்து அதன் மேல் ஒரு சிப்பியை வைத்தாள். கடலுக்கு முதுகைக் காட்டி, அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"அங்கோட்டு திரும்பி இரு பிள்ள. வெயிலு மூஞ்சியில அடிக்கும்" என்றாள் மதலேன்.

"அடிக்கட்டு."

"திங்கள்கிழம பரிட்சைலா. இங்க வந்து சிப்பி சுரண்டினா மார்க்கு தருவாவளா?"

"நீங்க ஒங்க பாட்டுக்கு சுரண்டுங்க, மாமி."

மரியஜானும் இஞ்ஞாசியும் பாறைப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மரியஜான் கண்ணாடியைத் தண்ணீரில் நனைத்து மாட்டினான். உடம்பை மடித்தான். பாதம் மட்டும் ஒருகணம் வெளியே தெரிந்து மறைந்தது.

"போயாச்சா?" என்றாள் பிரிஜா.

"போயாச்சு."

பிரிஜா மூச்சு விட்டாள். மேட்டில் ஏறுகிறவளைப் போல விட்டாள். உள்ளே இழுத்ததும் அங்கேயே நிற்கப் பார்த்தது. உதடு குவிந்து நடுங்கியது. தள்ளி வெளியே அனுப்பினாள். ஒண்ணு என்றாள். மறுபடி இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. கை ஒரே சிப்பியை விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தது. ஏழு என்றாள். எட்டு என்றாள்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"உண்மையாட்டா?"

"திரும்பிப் பாரு."

பிரிஜா திரும்பவில்லை. சிப்பியைப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தாள்.

இரண்டாவது முங்கிலும் கேட்டாள். மூன்றாவதிலும் கேட்டாள். ஆறாவதில் எண்ணிக்கை பதினைந்து வரை போயிற்று. பத்தில் நிறுத்தி மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்பதை மறந்திருந்தாள். நெற்றி வியர்த்துக் கிடந்தது. ஆனாலும் உதடு வெளுக்கவில்லை. மதலேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்குப் புதிது.

அடுத்த முங்கு நீண்டது. ஞானசெல்வி சுரண்டிக்கொண்டே பார்த்தாள். டியூப் காலியாகக் கிடந்தது. தண்ணீர் மட்டமாக இருந்தது. வலப்பக்கம் ஒரு கடற்காகம் உட்கார்ந்து எழுந்தது. இஞ்ஞாசி மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போனான்.

"பதினேழு" என்றாள் பிரிஜா. "பதினெட்டு. வந்தாச்சா?"

தலை இல்லை.

"அம்மா. வந்தாச்சா?"

பிரிஜாவின் நெஞ்சு ஏறி அப்படியே நின்றுவிட்டது. கத்தி நின்றுவிட்டது. கழுத்து நரம்பு மெல்ல எழும்பியது. இப்போது அவள் திரும்பிப் பார்க்கப் போகிறாள்.

"வந்தாச்சுட்டி" என்றாள் ஞானசெல்வி. "டியூபில சாஞ்சு கெடக்காரு."

அதைச் சொல்லச் செலவான காற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டு நிறுத்தினாள்.

பிரிஜாவின் நெஞ்சு இறங்கியது. தோளும் இறங்கியது. அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கொத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

டியூப் காலியாகத்தான் கிடந்தது. ஞானசெல்வி முகத்தை மாற்றாமல் பார்த்தாள். பாறையின் அந்தப் பக்கம், அவள் பார்க்காத ஒரு மூலையில், தலை தெரிந்தது. அவன் அங்கிருந்தே கையை ஊன்றிப் பாறையில் சாய்ந்தான். நெற்றித் தண்ணீரை வழித்தான். அவ்வளவு தூரத்திலும் அவன் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது.

ஞானசெல்வி பிடித்ததை மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள், எதிரே இருப்பவளுக்குக் கேட்காதபடி.

"இது பெருசிலயா சின்னதிலயா?" என்று ஒரு சிப்பியை நீட்டினாள் பிரிஜா.

"சின்னதில போடு."

"எனக்கு பெருசாட்டு தோணுது."

"அப்போ பெருசில போடு."

மரியஜான் டியூபுக்கு நீந்தி வந்தான். பையைக் கொட்டினான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உடம்பை மடித்தான். இந்தத் தடவை பிரிஜா கேட்கவில்லை. எண்ணவும் இல்லை. புத்தகத்தின் மேல் இருந்த சிப்பியை எடுத்துக் குவியலில் போட்டுவிட்டு, மடியில் பக்கத்தைப் பிரித்து வாய்க்குள் வாசிக்கத் தொடங்கினாள்.

ஞானசெல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதி சுரண்டிய சிப்பியை மறுபடி கையில் எடுத்தாள்.